நனைந்த காலணிக்கும் ஓர் இடம்: ஏற்காட்டுக் கேப்சூல் விடுதியில் மூன்று இரவுகள்

சென்ற ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த வாரத்தில், அம்மா, மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன் ஆகியோருடன் ஏற்காட்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கேப்சூல் விடுதியில், அதாவது அறைகளுக்குப் பதிலாக ஒருவர் படுக்கும் அளவுள்ள பெட்டிகளை அடுக்கிய விடுதியில், மூன்று இரவுகள் தங்கினேன். ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு காபித் தோட்டத்துக்குள் இருந்த பழைய கிடங்கை மாற்றி இதை அமைத்திருக்கிறார்கள். கருங்கல் சுவர்களும் ஓட்டுக் கூரையும் பழையபடியே இருக்க, உள்ளே 24 படுக்கைப் பெட்டிகள் இரண்டு அடுக்குகளாக நிற்கின்றன. குறைகள் சிலவற்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதாலும், உரிமையாளர் அவற்றைத் திருத்த முனைந்திருப்பதாலும், விடுதியின் பெயரைத் தவிர்க்கிறேன். சேலத்தில் 22 ஆண்டுகளாக அறைகலன் தொழில் செய்கிறேன். அளவுநாடா எப்போதும் பையில் இருக்கும். இங்கே தரும் அளவுகள் நானே எடுத்தவை.

இத்தகைய விடுதி எங்கே, யாருக்காகத் தோன்றியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிஷோ குரோக்கவா என்னும் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் 1972ஆம் ஆண்டு டோக்கியோவில் 140 பெட்டி அறைகளை இரண்டு தண்டுகளில் பொருத்தி நாககின் கேப்சூல் கோபுரத்தைக் கட்டினார். (2022இல் அது பிரித்தெடுக்கப்பட்டுவிட்டது.) அவரே 1979இல் ஒசாகாவில் முதல் கேப்சூல் விடுதியை வடிவமைத்தார். இரவு நெடுநேரம் வேலை பார்த்துக் கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலர் ஒருவர், கையில் ஒரு தோல்பையுடன் வந்து, ஆறு மணி நேரம் தூங்கி எழுந்து, மறுபடி அலுவலகம் போவதற்கான ஏற்பாடு அது. நம் நாட்டு ரயில்வே 2021 நவம்பரில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் இதே வகையான ஓய்விடத்தைத் திறந்தபோதும் கணக்கு அதுதான். வருகிறவர் நள்ளிரவிலும் வருவார், பிற்பகலிலும் வருவார். ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் தூங்குவார். எவருடைய உடையும் நனைந்திருக்காது. நகரத்தின் கேப்சூல் விடுதிக்குக் குறைந்த இடமும் குறைந்த வசதியும் போதுமானதாக இருப்பதற்குக் காரணம், அங்கே கூட்டம் நாள் முழுவதும் பரவிக் கிடப்பதுதான்.

பனிச்சறுக்குத் தலத்தில் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில் நானும் மகனும் காஷ்மீரின் குல்மார்க் சென்று, ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில், கயிற்றுவண்டி நிலையத்துக்கு அருகே பலர் சேர்ந்து தங்கும் ஒரு கூடத்தில் நான்கு நாட்கள் இருந்தோம். காலையில் கயிற்றுவண்டி புறப்படும் நேரத்துக்கு அத்தனை பேரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். வெளிச்சம் மங்கியதும் அத்தனை பேரும் ஒன்றாக, முழங்கால் வரை நனைந்து, திரும்பினார்கள். ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவான சறுக்குக் கட்டைகளும் ஊன்றுகோல்களும் படுக்கைகளுக்கு நடுவே சாத்தப்பட்டிருந்தன. கூடத்தின் மூலையில் புக்காரி என்று காஷ்மீரிகள் சொல்லும் ஒரே ஒரு விறகு அடுப்பு இருந்தது. அதைச் சுற்றி இடம் பிடித்துத் தம் காலணிகளை வைத்தவர்கள் மறுநாள் பிழைத்தார்கள். மற்றவர்கள் ஈரம் காயாத உள்ளுறைக்குள் காலை விட்டு நாள் முழுவதும் நடுங்கினார்கள். இதனால்தான் அனுபவமுள்ள பனிச்சறுக்கு விடுதிகளில், வாசலை அடுத்தே வெதுவெதுப்பான காற்று வீசும் குழாய்களில் காலணிகளைக் கவிழ்த்து வைக்கும் உலர்த்தும் அறையும், சறுக்குக் கட்டைகளுக்கான தாங்கிகளும் இருக்கின்றன. அங்கே ஈரம் படுக்கைப் பகுதிக்குள் நுழைவதே இல்லை.

ஏற்காட்டில் பனிப்பொழிவும் இல்லை, சறுக்கும் இல்லை. ஆனால் ஒரு நாளின் ஓட்டத்தை வைத்துப் பார்த்தால், 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஊர் மும்பை சென்ட்ரலைவிடக் குல்மார்க்குக்கே நெருக்கமானது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருகிறவர்கள் தூங்குவதற்காக வருவதில்லை. விடியலில் மூடுபனி கலைவதைப் பார்க்கப் பக்கோடா பாயிண்டுக்கோ சேர்வராயன் கோயிலுக்கோ எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். பகலில் கிளியூர் அருவிக்கு இறங்கி ஏறுவார்கள். மழை பிடித்துக்கொண்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சொட்டச் சொட்டத் திரும்புவார்கள். ஆகவே இந்த விடுதியை ஒசாகாவின் அளவுகோலால் அளப்பது பொருந்தாது. பனிமலை விடுதியின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

பெட்டியைப் பொறுத்தவரை எனக்கு மனநிறைவே. உள்ளளவு 208 செ.மீ. நீளம், 110 செ.மீ. அகலம், 112 செ.மீ. உயரம். ரயில் படுக்கையின் அகலம் ஏறக்குறைய இரண்டடி என்பதை நினைத்துப் பார்த்தால், இதில் புரண்டு படுக்கவும் நிமிர்ந்து உட்காரவும் தாராளமாக இடம் இருப்பது விளங்கும். வெளிநாட்டிலிருந்து இறக்கிய பிளாஸ்டிக் கூடுகளை வாங்கி வைக்காமல், ஈரம் தாங்கும் 19 மி.மீ. மரைன் பிளைவுட்டில் உள்ளூரிலேயே செய்திருக்கிறார்கள். விளிம்புகள் அனைத்தும் உருட்டப்பட்டிருக்கின்றன. தலையிடிக்கும் இடங்களில் ஒரு திருகாணி முனைகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. படிக்கும் விளக்கின் ஒளி பக்கத்துப் பெட்டிக்குக் கசியாதபடி குழித்துப் பதித்திருக்கிறார்கள். கீழடுக்கின் தளம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில், ஒரு நாற்காலியின் உயரத்தில் இருப்பதால், முழங்கால் வலியுள்ள என் அம்மா யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துப் படுத்துக்கொண்டார். மேலடுக்குக்குச் செங்குத்தான ஏணி வைக்காமல், அகலமான படிகள் கட்டி, ஒவ்வொரு படிக்குள்ளும் ஓர் இழுப்பறை அமைத்திருப்பது இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கே புதிய பாடமாக இருந்தது. செய்த தச்சர் யாராக இருந்தாலும் வேலை தெரிந்தவர்.

காற்றைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. இந்த அளவுள்ள பெட்டிக்குள் ஏறக்குறைய 2,560 லிட்டர் காற்று அடங்கும். தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 10 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார் என்று கொண்டால், பெட்டியை முழுமையாக அடைத்துவிட்டால் ஒரே மணி நேரத்தில் உள்ளே அந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைப்போல் பத்து மடங்காகிவிடும். அதனுடன் மூச்சிலும் தோலிலுமாக இரவு முழுவதும் வெளியேறும் ஈரம் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் குறையாது. எனவே ஒவ்வொரு பெட்டிக்கும் விசிறி வேண்டும், இங்கே வைத்திருக்கிறார்கள். கணினிக்குள் இருப்பதைப் போன்ற சிறிய, சத்தமில்லாத விசிறி. ஆனால் அது காற்றை எடுக்கும் இடம் எது? பெட்டியின் பின்பக்கத்துக்கும் கருங்கல் சுவருக்கும் நடுவே உள்ள ஐந்து சென்டிமீட்டர் இடுக்கு. மழைக்காலத்தில் அந்தச் சுவர் இரவெல்லாம் வியர்க்கிறது. கைவிரலை உள்ளே விட்டுப் பார்த்தேன், நீர்த்துளிகள் ஒட்டின. அந்த இடுக்கின் குளிர்ந்த ஈரத்தையும் பூஞ்சை வாடையையும்தான் விசிறி எங்கள் முகத்தில் இறைத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் காலையில் தலையணை உறை பிசுபிசுத்தது. அம்மாவுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. விசிறியை நிறுத்தினால் மூச்சு முட்டியது. ஓட்டினால் மூக்கு அடைத்தது.

இதை உரிமையாளரிடம் சொல்லும்போது எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது, ஏனெனில் ஈரத்தைப் பற்றி அவருக்குக் கற்றுத்தரும் தகுதி எனக்கில்லை. காபி விவசாயிக்கு ஈரம்தான் வாழ்வும் கேடும். பழத்தோல் நீக்கி, உள்ளுமி நீக்காத பார்ச்மென்ட் காபியைக் களத்தில் பரப்பி, கிளறிக் கிளறி, ஈரம் 10 சதவீதத்தை எட்டும் வரை காய வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் மூட்டை கட்டுவார்கள். அந்த மூட்டையைத் தரையில் போட மாட்டார்கள், மரச்சட்டத்தின் மேல் அடுக்குவார்கள். சுவரோடு ஒட்டியும் வைக்க மாட்டார்கள், நான்கு புறமும் காற்றுப் புழங்க இடம் விடுவார்கள். இதே கிடங்கில் அவருடைய தந்தையார் காலத்திலிருந்து அப்படித்தான் மூட்டைகள் நின்றிருக்கின்றன. அந்த மூட்டைகள் நின்ற இடத்தில் இப்போது மனிதர்கள் படுக்கிறார்கள், ஆனால் மூட்டைக்குக் கொடுத்த இடைவெளி மனிதருக்குக் கொடுக்கப்படவில்லை. நான் இதைச் சொன்னதும் அவர் சிறிது நேரம் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "படம் போட்டுத் தந்தவங்க பெங்களூர் ஆளுங்க தம்பி. சுவத்தோட ஒட்டி வச்சா நாலு பெட்டி கூட வரும்னாங்க. எனக்கும் அது கணக்காத்தான் பட்டுச்சு" என்றார்.

அடுத்தது நனைந்த பொருட்கள். மூன்று நாட்களில் எங்களை மிகவும் வருத்தியது இதுதான், ஆகையால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். இரண்டாம் நாள் மாலை நாங்கள் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து திரும்பும்போது மழை கொட்டத் தொடங்கியது. எங்களுக்குப் பின்னாலேயே அருவிக்குப் போயிருந்த பதினோரு இளைஞர்களும் வந்து சேர்ந்தார்கள். மழைக்கோட்டு, குடை, சேறு படிந்த காலணி, நனைந்த முதுகுப்பை ஆகியவற்றை வைக்க விடுதியில் ஒரு சதுர அடிகூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. பெட்டிகளின் வரிசைக்கு நடுவே உள்ள நடைவழி 90 செ.மீ. அகலம்தான். அதன் இருபுறமும் காலணிகள், பெட்டியின் கதவுகளில் தொங்கும் கோட்டுகள், அவற்றிலிருந்து சொட்டிய நீர் தரையில் ஓடி, அந்த நீரில் அம்மா நடந்து கழிப்பறைக்குப் போக வேண்டிய நிலை. பொருள் வைக்கும் பூட்டறைகள் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் அவை இரும்புத் தகட்டால் அடைக்கப்பட்டவை, காற்றோட்டம் இல்லாதவை. அதில் நனைந்த பையைப் பூட்டி வைத்த ஒருவர் மறுநாள் திறந்தபோது எழுந்த வாடை வரிசை முழுவதும் பரவியது. என் மகனின் காலணி மூன்று நாளும் காயவே இல்லை.

அந்த இரவில் எங்களைக் காப்பாற்றியவர் விடுதியின் பணிப்பெண். மலைக்கிராமத்தைச் சேர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். அம்மாவின் நனைந்த சால்வையைப் பார்த்துவிட்டு, "குடுங்க பாட்டிம்மா, பாய்லர் பக்கத்துல போட்டா விடியறதுக்குள்ள காஞ்சிரும்" என்று வாங்கிக்கொண்டு போனார். பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவந்து காலணிகளுக்குள் திணிக்கச் சொன்னதும் அவர்தான். சமையலறைக்குப் பின்னால், சில்வர் ஓக் கழிவு விறகில் எரியும் வெந்நீர் பாய்லர் ஒன்று இருக்கிறது. சமையலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் மட்டும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் பின்சுவர் இரவு பத்து மணிக்கும் கை வைக்க இதமாக இருந்தது. சால்வை விடியும் முன்பே மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. உலர்த்தும் அறைக்குத் தேவையான வெப்பம் இந்த வளாகத்தில் ஏற்கெனவே வீணாகிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுவரை ஒட்டி ஒரு சிறிய அறை எழுப்பி, மரக்கொம்புகளும் கம்பிகளும் பதித்து, மேலே ஈரக்காற்று வெளியேற ஒரு வழி விட்டால் போதும். மின்சாரச் செலவு ஒரு சிறிய விசிறிக்கு மட்டுமே ஆகும்.

கழிப்பறையும் குளியலறையும் துப்புரவாக இருக்கின்றன; நாளுக்கு மூன்று முறை கழுவுகிறார்கள். ஆனால் 24 பேருக்கு மூன்று குளியலறைகள், அவற்றில் 25 லிட்டர் கெய்சர் ஒவ்வொன்று. அந்த வாரத்தில் குழாய்நீர் 17 டிகிரியில் இருந்தது. 60 டிகிரிக்குச் சூடான 25 லிட்டர் நீரைக் குளிர்நீருடன் கலந்தால் குளிக்கத் தக்க 40 டிகிரியில் 47 லிட்டர் வரும், அதாவது இரண்டு பேருக்குரிய நீர். அடுத்த 25 லிட்டர் சூடாக 2 கிலோவாட் கெய்சருக்கு 35 நிமிடங்களுக்கு மேல் ஆகும். விடிகாலை ஐந்தரைக்கு எல்லோரும் எழுந்தால் முதல் ஆறு பேர் வெந்நீரில் குளிப்பார்கள். ஏழாமவர் ஆறேகால் வரை காத்திருக்க வேண்டும். நகர விடுதியாக இருந்தால் இது ஒரு குறையே ஆகாது, ஏனெனில் அங்கே ஏழாமவர் எட்டு மணிக்குத்தான் எழுவார். இங்கே மூடுபனி அவருக்காகக் காத்திருப்பதில்லை. இதற்கும் விடை அதே பாய்லரில் இருக்கிறது. அதிலிருந்து குளியலறைகளுக்கு ஒரு குழாய் இழுத்தால் கெய்சர்களின் சுமை பாதியாகும்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. பெட்டிகள் அனைத்தும் மரம், மெத்தைகள் நுரை, கிடங்குக்கு வாசல் ஒன்றே ஒன்று. பின்சுவரில் மூட்டை ஏற்றுவதற்காக முன்பு இருந்த பெரிய கதவைப் பெட்டிகளை வைத்து மறைத்துவிட்டார்கள். தீயணைப்பான்கள் இரண்டு இருந்தன, புகை உணரும் கருவிகளும் இருந்தன, அவற்றை அழுத்திச் சோதித்துக் காட்டச் சொன்னபோது உடனே செய்து காட்டினார்கள். ஆயினும் நள்ளிரவில் மின்சாரம் போய்ப் புகை சூழ்ந்தால் 24 பேர் 90 செ.மீ. வழியில் ஒரே வாசலை நோக்கி ஓட வேண்டியிருக்கும். மற்றக் குறைகளுக்குக் காலம் கொடுக்கலாம். அந்தப் பின்கதவைத் திறக்கும் வரை மழை இல்லாத காலத்திலும் நான் என் குடும்பத்தை மறுபடி அங்கே தங்க வைக்க மாட்டேன். இதை அவரிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். மறுநாளே அந்தக் கதவை மறைத்த இரண்டு பெட்டிகளுக்கு முன்பதிவை நிறுத்தினார். கதவின் துருப்பிடித்த கீல்களுக்கு எண்ணெய் விட்டு ஆள் வைத்துத் தட்டியதையும் கிளம்புவதற்கு முன் பார்த்தேன்.

பெண்களுக்கான வரிசை தனியாக, கதவுடன் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் உள்தாழ்ப்பாள் உண்டு. இரவில் பெண் பணியாளர் ஒருவர் அந்த வரிசையின் வாயிலிலேயே படுத்துக்கொள்கிறார். தனியாக வந்திருந்த இரண்டு பெண்கள் இதைக் கேட்டறிந்துதான் இங்கே பதிவு செய்ததாக என் மனைவியிடம் கூறியிருக்கிறார்கள். குறட்டைச் சத்தம் பிளைவுட்டைக் கடந்து வரத்தான் செய்யும், அதை எவரும் தடுக்க இயலாது. ஆனால் பைகளின் ஜிப் ஓசையும் பிளாஸ்டிக் உறைகளின் சரசரப்பும் விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பிவிடுவதற்குக் காரணம், பொருட்களை எடுத்து வைக்கத் தனியிடம் இல்லாததே. உணவு எளிமையானது, சூடானது. காலையில் தோட்டத்துக் காபியை அங்கேயே வறுத்து அரைத்து, சிக்கரி கலக்காமல் தருகிறார்கள். அதற்காகவே ஒருமுறை போகலாம்.

கட்டணம் ஒரு பெட்டிக்கு 900 ரூபாய், சனி ஞாயிறுகளில் 1,200. நால்வருக்கு ஓர் இரவு 3,600 ரூபாய் என்னும்போது, அந்தப் பருவத்தில் ஏற்காட்டில் அதே தொகைக்கு இரண்டு சாதாரண அறைகள் கிடைக்கும். எனவே குடும்பத்துடன் வருவோருக்கு இது இலாபமில்லை. தனியாகவோ இருவராகவோ வருகிறவர், முழு அறைக்குப் பணம் கொடுத்துப் பகலெல்லாம் வெளியே திரிகிறவர், இவர்களுக்கு இது மிக நல்ல ஏற்பாடு. மே மாதக் கோடை விழா சமயத்தில் அறை கிடைக்காமல் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து விடியலைப் பார்த்தவர்களை நான் அறிவேன். அவர்களை நினைக்கும்போது, இந்த மலையில் இப்படி ஒரு விடுதி நிலைத்து நிற்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். மலையில் ஒவ்வொரு புதிய கட்டடமும் ஒரு சரிவை வெட்டித்தான் எழுகிறது. நின்றுபோன கிடங்கு ஒன்றுக்குள்ளேயே 24 பேருக்கு இடம் கண்டிருப்பது, எத்தனை குறை இருந்தாலும், மதிக்கத் தக்க முயற்சி.

கிளம்பும் நாள் காலையில் உரிமையாளர் என்னைப் பக்கத்தில் இருந்த பல்ப்பர் கொட்டகைக்கு அழைத்துப் போனார். காபிப் பழத்தின் தோலுரிக்கும் இயந்திரம் வேறிடம் போய்விட்டதால் அது காலியாக இருக்கிறது. அங்கே இன்னும் 16 பெட்டிகள் வைக்க எண்ணியிருக்கிறார். அந்த வேலையை நான் எடுத்துச் செய்யப் போவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியை வாங்கித் தரையில் கோடு போட்டேன். வாசலில் முதலில் காலணியும் மழைக்கோட்டும் கழற்றும் திண்ணை. அதை அடுத்துப் பாய்லர் சுவரோடு ஒட்டிய உலர்த்தும் அறை. பிறகு பைகளைத் திறந்து எடுத்து வைக்க நீளமான மேசை. அதற்கு அப்பால்தான் படுக்கைகள், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, 120 செ.மீ. நடைவழியுடன், இரு முனைகளிலும் கதவுகளுடன். எல்லாம் வரைந்து முடித்தபோது 16 பெட்டிகளுக்கு இடமில்லை, 12தான் வந்தன. நான்கு பெட்டிகளின் வருமானம் குறைகிறதே என்று அவர் விரல்விட்டு எண்ணினார். கோட்டுக்குள் நின்று சுவரைத் தொட்டுப் பார்த்தார். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, உலர்த்தும் அறைக்கு இந்த அகலம் போதுமா என்று கேட்டார். அவர் இன்னும் ஒரு முழம் வேண்டும் என்றார். அந்த ஒரு முழத்தையும் சேர்த்துக் கோட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு நாங்கள் மலையிறங்கினோம்.